உட்கார்ந்து சொல்ல வேண்டிய செய்தி

போன வாரம் சிறுசேரி ஆபீசில் என் மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். போனை சைலன்ட்டில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார். என் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்" என்றார்.

"யாருக்கு சார்?" என்றேன்.

அவர் கொஞ்சம் விழித்துவிட்டு, "டீமுக்குத்தான். லஞ்ச் வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்றார்.

இதெல்லாம் உன்னைக் கட்டிக்கொண்டதால் வந்தது. நாற்காலி தரையில் உரசினால் மற்றவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். நான் மட்டும் குடும்பத்தில் யார் யார் மிச்சம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அவசர சிகிச்சை டாக்டர்கள் சங்கத்தின் புறநகர்க் கிளைக்கு நீ செயலாளரான கதையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தாம்பரத்தில் ஆரம்பித்து சிங்கப்பெருமாள் கோவில் வரை உங்கள் எல்லை. கூட்டத்தை எப்போது வைத்தாலும் பாதிப் பேர் டூட்டியில் இருப்பார்கள், மீதிப் பேர் டூட்டி முடிந்து தூங்குவார்கள். தப்பி வந்த நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, வராத ஒருவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த முறை நீ வரவில்லை. "நான் என்னடா தப்பு பண்ணேன்? ஒரு ஹார்ட் அட்டாக்கப் பாத்துட்டிருந்தேன்" என்று வீட்டுக்கு வந்து புலம்பினாய். கிளைக்கு ஆபீஸ் கிடையாது. சேலையூர் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் பேனரும் ரப்பர் ஸ்டாம்பும் குடியேறின. அதுதான் தலைமையகம்.

உங்களை ஊரில் யாரும் டாக்டர் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. இதயம் நின்றுபோன ஒருவருடைய நெஞ்சை அழுத்தி அழுத்தி மீட்டுவிட்டு நீ நிமிர்ந்தால், அவருடைய மச்சான் வந்து, "பெரிய டாக்டர் எப்ப வருவாரு சிஸ்டர்?" என்று கேட்பாராம். "வந்துடுவாருங்க" என்று நீயும் சொல்லிவிடுவாயாம். அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன்னை உறுத்தியது வேறு. சாவுச் செய்தி சொல்லப் போகிற சின்ன டாக்டர்கள் அடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். உங்கள் ஆள் ஒருவர் கதவில் கை வைத்து நின்றபடி, "பேஷன்ட் எக்ஸ்பயர்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பியிருக்கிறார். அவர் மட்டும்தான் திரும்பினார். சட்டை வெளியிலேயே தங்கிவிட்டது.

அப்படித்தான் அந்தப் பயிற்சி வகுப்பை ஆரம்பித்தாய். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று. கூடுவாஞ்சேரியில் உங்கள் உறுப்பினர் ஒருவரின் மாமனாருக்குக் கல்யாண மண்டபம் இருந்தது. முகூர்த்தம் இல்லாத ஆடியில் சாப்பாட்டுக் கூடத்தை இலவசமாகத் திறந்துவிடுவார். ஆகவே ஆடி வந்தால்தான் கிளைக்கு உயிர் வரும். இறந்தவரின் சொந்தக்காரராக நடிக்க ஆள் தேவைப்பட்டது. நீ என்னைப் பார்த்தாய்.

"நீ சாப்ட்வேர் டெஸ்டர்தான? எதையும் உடைச்சுப் பாக்குறதுதான உன் பொழப்பு. வந்து என் பசங்கள உடை."

"யாரு செத்ததா வெச்சுக்கறது?"

"உங்கம்மான்னா நீ நிஜமா அழுதுடுவ. நான்னே வெச்சுக்கலாம். நீ சிரிப்ப. அவங்களுக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்."

முதலில் மாட்டியவன் உன் ஜூனியர் பிரபு. உன்னை அக்கா என்றும் என்னை அண்ணா என்றும் கூப்பிடுகிறவன், அன்று 'சார்' போட்டான்.

"சார், உங்க வைஃப்... எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்."

"சரி, இப்ப எப்படி இருக்கா?"

"அவங்க நம்மள விட்டுப் போயிட்டாங்க சார்."

"சொல்லாம எங்கயும் போக மாட்டாளே."

கூடமே சிரித்தது. பின்வரிசையில் டீ கிளாஸோடு நின்றிருந்த நீ கத்தினாய். "பிரபு, இறந்துட்டாங்கன்னு சொல்லு. அந்த வார்த்தை உன்னக் கடிக்காது."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். அது மண்டபத்து வாட்ச்மேன் ஏழுமலையின் காதில் விழுந்து, அவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். அப்புறம்தான் உன்னைப் பார்த்தார். "இன்னா சார் இது? அந்தம்மா அங்க டீ குடிச்சினு கீது. ஆடி மாசத்துல இன்னா பேச்சு பேசிகினு கீறீங்க?"

உன் விதிகள் எல்லாம் சின்னவை. உட்கார்ந்து சொல். கையைக் கட்டிக்கொள்ளாதே. இறந்துவிட்டார் என்றே சொல். சொன்ன பிறகு வாயை மூடு. இதில்தான் எல்லோரும் தோற்றார்கள், உடனே தண்ணீர் கிளாஸை நீட்டினார்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "மழுப்பாத. தெரியாதுன்னு சொல்லிட்டு, தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வா" என்பாய்.

பிறகு ஒரு நாள் காலை, தலையைப் பிடித்துக்கொண்டு நீ சமையலறையில் உட்கார்ந்துவிட்டாய். ஆம்புலன்ஸ் நம்மைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் பிரபு டூட்டியில் இருந்தான். வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். நாற்காலியை இழுத்தான். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

"அண்ணா, அக்கா இறந்துட்டாங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஒரு பிசகும் இல்லை. அழ வேண்டியவன் நான். நான் கேட்டதோ, "இன்னிக்கு அவளுக்கு ஈவ்னிங் டூட்டியாச்சே, யார் பாப்பாங்க?" பிரபு உடைந்துபோய் என் மடியில் கவிழ்ந்து அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "நல்லா சொன்ன பிரபு. கைய மட்டும் கட்டிக்கிட்ட, அதப் பாத்துக்கோ" என்றேன். அதற்குப் பிறகு அவன் என் கண்ணில் படவே இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, எவ்வளவு தைரியம் என்றார்கள். அது தைரியம் இல்லை. உள்ளே எதுவும் ஓடவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆடி பிறந்ததும் பிரபு ஒரு டப்பா வத்தக்குழம்போடு வீட்டுக்கு வந்தான். இப்போது அவன்தான் செயலாளர். அவனும் கூட்டத்துக்குப் போகவில்லையாம். நாற்காலிப் பக்கமே போகாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக், தண்ணீர் லாரி, மழை எல்லாம் பேசி முடித்தான். தினமும் சாவுச் செய்தி சொல்கிறவனுக்கு, வந்த காரியத்தைச் சொல்ல வரவில்லை.

"விஷயத்துக்கு வா பிரபு."

"ஜெனிபர்னு ஒரு பொண்ணு புதுசா சேந்திருக்கா. நின்னுக்கிட்டே சொல்லியிருக்கா. கன்னத்துல அறைஞ்சுட்டாங்கண்ணா. கிளாஸ் நடத்தியாகணும்."

"நடத்து."

"நடத்திப் பாத்தேன். எங்கப்பாவ நடிக்கச் சொன்னேன். 'உங்க மனைவி இறந்துட்டாங்க'ன்னதும், 'அப்பாடா'ன்னுட்டார். எங்கம்மா அங்கதான் இருந்தாங்க."

நான் போகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர பயமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் உடைந்துவிடுவேனோ என்று ஒரு பயம். அங்கேயும் ஒன்றும் வராமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

மண்டபத்தில் பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பெரியப்பா இறந்ததா வெச்சுக்கலாம்ணா" என்றான்.

"எனக்குப் பெரியப்பாவே கிடையாது."

"ஒண்ணுவிட்ட பெரியப்பா?"

"அவர் செத்தா வாட்ஸப்ல ஒரு கும்பிடு போட்டுட்டு டிபன் சாப்பிடப் போயிடுவேன். இதுங்க என்னத்தக் கத்துக்கும்? மனைவின்னே வை."

ஜெனிபர் வந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தன் பெயரைச் சொன்னாள். "உங்க மனைவி இறந்துட்டாங்க சார்" என்றாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவளைத் திணறடிக்க ஒரு கேள்வியை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். என் வாயிலிருந்து வந்தது அது இல்லை.

"அவளுக்கு வலிச்சுதா?"

அந்தப் பெண் தண்ணீரை நீட்டவில்லை. இல்லை என்று சமாளிக்கவும் இல்லை. "எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சவரக் கூட்டிட்டு வரேன்" என்று எழுந்து, நேராகப் பின்வரிசைக்குப் போய் பிரபுவின் முன்னால் நின்றாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் முட்டிமேல் விரித்து வைத்திருந்தான். "வீட்ல வலிச்சிருக்கும்ணா. அது உங்களுக்கே தெரியும். ஆம்புலன்ஸ்லயே நினைவு போயிடுச்சு. எங்ககிட்ட வந்தப்புறம் அக்காவுக்கு வலிக்கல. கடைசி வரைக்கும் நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, மூக்கு ஒழுக, கொஞ்சமும் மரியாதை இல்லாத அழுகை. அவசரம் என்றால் பாய்கிற அத்தனை டாக்டர்களும் ஒன்றுமே செய்யாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீ பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பாய்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றேன். ஒரு பையன் எழுந்து வந்து நாற்காலியை இழுத்தான்.

வலிக்கல என்று பிரபு சொன்னதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன். ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு தவறாமல் நடக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் நீ இறந்துபோகிறாய். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்கிறார்கள்.