அரிசி டிரம்மில் இருந்த கண்ணாடி

பெருமாயிக்கு,

நீ தறிப்பட்டறையிலிருந்து வருவதற்குள் நான் ஓமலூர் கிளம்புகிறேன். மாடியில் தொலைநோக்கிக் கொட்டகையின் சக்கரத்தில் ஓடும் தள்ளுகூரை, மழையில் துருவேறிப் பாதியில் நின்றுவிடுகிறது. சக்கரத்துக்குப் பேரிங் வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன்.

மாலையில் உன் தம்பி சென்றாயன் சம்பந்தி வீட்டாரோடு தொலைநோக்கியில் பார்க்க வருகிறான். "ஏனுங்க மச்சான், மழை முடிஞ்சா உங்க புறாக்கூண்டுல பூஞ்சக் கண்ணாடிதானுங்க மிஞ்சும்" என்று அவன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் முன்னால் சொன்னவன். வரட்டும். காபி கொடு, வடை கொடு. மாடிச் சாவியை மட்டும் கொடுக்காதே. அது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

காலையில் தொலைநோக்கிக் கண்ணாடியை வெளியே எடுத்தேன். ஒரு புள்ளி பூஞ்சைகூட இல்லை! சவரத்தில் விட்டுப்போன மயிர் வரை தெரிந்தது. மூன்று வருடம் நான் பெட்டியில் பூட்டிக் காத்தும், ஒவ்வொரு மழைக்கும் பூஞ்சை படர்ந்து மறுபடி முலாம் பூச அனுப்பினோம். இந்த ஐப்பசியில்தான் நீ என்னைக் கேட்காமல் அதைப் பட்டுச் சேலையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தாய். "அரிசி ஈரத்தக் குடிச்சுக்குமுங்க" என்றாய். நான் கத்திவிட்டு நான்கு நாள் பேசாமல் இருந்தேன்.

வீட்டு மானத்தைக் காப்பாற்றியது நீ. அதைச் சென்றாயன் எதிரில் நானே சொல்வேன். இன்று இரவு வியாழன் கிரகத்தை முதலில் நீ பார்க்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள்.

குருமூர்த்தி

டிரம்மில் அரிசி குறைந்திருக்கிறது. ஒரு சிப்பம் வாங்கி வருகிறேன். அடுத்த ஐப்பசியில் கண்ணாடியை நானே உன் கையில் தருகிறேன்.