தூதரின் சோளக் கூழ்

2007 ஜனவரி 27, சனி
தூறல். காலை ஷிப்ட், பெற்றோல் ஸ்டேஷன். மாலை இலக்கிய வட்டம். லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத்திலிருந்து வடக்கே எட்மண்டன் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. இத்தனை தூரம் போனது அருளுக்குக் கைதட்டத்தான்.

அருள் போன வருடம் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்தவன். வயரிங் வேலை. எழுதியது ஒரே ஒரு கவிதை. அந்தக் குளிரில், ஊரில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சி, பலா இலையை மடித்துக் குடிக்கும் ஒடியல் கூழுக்கு ஏங்கியதைப் பற்றி. கேட்டார்கள் என்று இன்றும் வாசித்தான். அழுதவர்கள்: செயலாளர், செயலாளரின் மனைவி, என் மனைவி லூர்து.

நான் எத்தனையோ வருடமாகக் காவியம் எழுதுகிறேன். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நம் சனத்தின் கதை. "காவியம் எப்பிடிப் போகுது, மாஸ்டர்?" என்பார் செயலாளர். பதில் வருமுன் தேநீர் எடுக்கப் போய்விடுவார்.

ஒரே ஆறுதல், அடுத்த கூட்டத்தில் என் பேச்சு. பிறநாட்டுக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கை.

ஜன. 30, செவ்வாய்
குளிர். குரோய்டன் நூலகம். ஆள் கிடைத்துவிட்டார். அமெரிக்கா புதிதாகப் பிறந்த காலத்துக் கவிஞர், பின்னாளில் தூதர். பெயர் நம் வாயில் நுழையாது, குறிப்பில் 'தூதர்' போதும். வயலில் வளர்ந்த கமக்காரன் மகன். போரில் படைக்குப் பிரசங்கி. தன் நாட்டைப் பற்றிப் பெரிய காவியம் எழுதினார். போதாதென்று பல வருடம் கழித்து அதையே இன்னும் பெருப்பித்தார். லண்டனிலும் இருந்திருக்கிறார். அல்ஜியர்ஸில் அடைபட்டுக் கிடந்த கப்பல்காரரை மீட்டிருக்கிறார். என்னுடைய ஆள். வாசித்துக்கொண்டு நின்றதில் பஸ் போய்விட்டது.

வாங்க: வெங்காயம், பால், பேனா.

பெப். 4, ஞாயிறு
பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஒரு மன்னார்ப் பெண், லூர்துவிடம்: "அருள் தம்பியின்ர கூழ்ப் பாட்டு வச்சிருக்கிறியளே அக்கா? ஒரு கொப்பி தாங்கோவன்." கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். எப்போதிருந்து கொண்டு திரிகிறாள்?

மத்தியானம் குசினியில் அவளுக்கு, நூலகத்தில் எடுத்து வந்த புத்தகத்திலிருந்து தூதரை வாசித்துக் காட்டினேன். பின்பாதி எனக்கும் புதிது. பிரான்சின் மலைப்பக்கம் ஒரு சத்திரத்தில் சோளக் கூழ் கொடுத்தார்களாம். பிறந்த ஊரில் குடித்தது ஞாபகம் வந்ததாம். உடனே கூழைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாராம். காவியத்தைப் புகழ்ந்துவிட்டு மூடி வைத்தார்கள். கூழ்ப் பாட்டை இன்றைக்கும் படிக்கிறார்களாம்.

லூர்து மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அப்ப, எங்கட அருள்தான்."

சாப்பாடு வேண்டாம் என்று எழுந்தேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

பெப். 8, வியாழன்
எழும்பினால் எங்கும் பனி. ஷிப்டுக்கு நடை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

பேச்சு எழுதியாயிற்று. கூழை வெட்டிவிட்டேன். நேரம் போதாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அருள் முன்வரிசையில் இருந்து பல்லைக் காட்டுவதை என்னால் பார்க்க முடியாது. கெட்ட புத்திதான். இருக்கட்டும்.

முடிவு நன்றாக வந்திருக்கிறது. வணிக ஒப்பந்தம் பேச, போருக்குப் போயிருந்த பிரெஞ்சுப் பேரரசரைத் தேடிக்கொண்டு குளிரில் போலந்துவரை போகிறார். காரியம் நடக்கவில்லை. திரும்பும் வழியில் ஏதோ ஒரு கிராமத்தில் காய்ச்சல், மரணம்.

பெப். 24, சனி
காற்று. எட்மண்டன். பேசினேன். காவியம், அல்ஜியர்ஸ், பேரரசர், மரணம். இரண்டு பேர் தூக்கம். கைதட்டல் பரவாயில்லை. கேள்வி நேரத்தில் எழுந்தது யார்? லூர்து. கூட்டங்களில் ஒருநாளும் வாய் திறக்காதவள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கூழ்ப் பாட்டை விட்டிட்டியளே?"

செயலாளர்: "என்ன கூழ், மாஸ்டர்?"

இனி மறைக்க முடியுமா? சத்திரத்தில் தொடங்கி எல்லாம் சொன்னேன். தூங்கியவர்கள் விழித்துவிட்டார்கள். எல்லாத் தலையும் அருள் பக்கம் திரும்பின. அவன் பல்லைக் காட்டவில்லை. குனிந்தபடி இருந்தான்.

வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, எனக்கு அதுக்குப் பிறகு ஒண்டும் எழுத வருகுதில்லை. எல்லாரும் அதையே கேக்கினம். நீங்கள் எப்பிடி இவ்வளவு காலமா விடாமல் எழுதுறியள்?"

இவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.



பெப். 25, ஞாயிறு
மழை. பூசைக்குப் போகவில்லை. அவள் திரும்பி வந்ததும் கேட்டேன். "ஏன் சபைக்கு நடுவிலை எழும்பிக் கேட்டனீர்?"

"நீங்கள் வாசிச்சதுக்குள்ளை அந்த இடத்திலைதான் எனக்கு அந்த மனிசனைத் தெரிஞ்சது. மற்றதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்."

கோபத்தோடு காவியத்தை எடுத்து வைத்துக்கொண்டு முன்னறையில் இருந்தேன். ஓர் அடியும் ஓடவில்லை. குசினியில் அவள் ஏதோ கிண்டிக்கொண்டு அருளின் பாட்டை முணுமுணுத்தாள்.

"பிலாவிலை இல்லாத ஊரில் எதை மடித்துக் குடிப்பேன்..."

அடுத்தது வரவில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே நின்றாள். பொறுக்க முடியவில்லை.

"கையை மடித்தேன், கை நிறையக் குளிர்" என்றேன் இங்கிருந்து. நிறுத்த முடியவில்லை. கடைசி அடிவரை சொல்லி முடித்தேன்.

லூர்து அகப்பையோடு வாசலில் வந்து நின்றாள். மடியில் கிடந்த என் காவியத்தில் ஓர் அடிகூட எனக்கு இப்படிப் பாடமில்லை.