பேர் கேட்பதற்கு முன்னால் சோறு

ஏனுங்க,

நேற்று உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டு வந்தேன். உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது. சற்று முன் பையைக் கவிழ்த்தபோது கசங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு வந்தது. மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரட்டாமல் இருக்க நான் முகர்ந்துகொண்டே போன பழம். அந்த வாசனை ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். இருந்த காலத்தில் மட்டும் எழுதிக் கிழித்தீர்களாக்கும்.

உங்களுக்கு விருதாம். படித்த இடத்தை மறக்காத முன்னாள் மாணவர் என்று மேடையில் பெரிய பேனர். இருந்தபோது யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் போட்டோவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது வழுக்கி வழுக்கி விழுந்தது. தோட்டத்தையே மாணவர்களுக்குத் திறந்துவிட்ட வள்ளல் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்குக் கால் வீங்கியிருந்தது. எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒரே முடிவோடுதான் போயிருந்தேன். இனிமேல் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் காலம் வந்தால், விவசாயம் படிக்கும் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய நம் வீட்டில் வந்து இறங்குவார்கள். நமக்குக் கல்யாணமான புதிதில் தொடங்கியது. செடியைக் காட்டுவது, கிளை கழித்துக் கவாத்துச் சொல்லித்தருவது, களத்தில் காய வைப்பது எல்லாம் நீங்கள். அடுப்படி நான். புகையில் கண் எரிய, "எனக்கெதுக்குத் தாலி கட்டுனீங்க, அந்தக் காலேஜுக்கே கட்டியிருக்கலாமில்ல?" என்று கத்துவேன். "அங்கதான் சோறாக்க ஆளு இருக்குதே அம்மிணி" என்று சிரிப்பீர்கள். கோபத்தில்கூட ஒழுங்காக இருக்க விடமாட்டீர்கள்.

அவர்கள் வரும் நாளன்று விடியும் முன்பே பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு அடிவாரத்துக்கு இறங்கிவிடுவீர்கள். அவர்கள் பஸ்ஸிலேயே ஏறி, ஆளுக்கொன்று கையில் கொடுத்து, கூடவே வருவீர்கள். அப்படியும் சிலர் வாந்தி எடுத்து, வெளிறிப்போய் வந்து நிற்பார்கள். முதல் வருடம் ஒருவனிடம் "பேரென்ன கண்ணு?" என்றேன். "மொதல்ல சோத்தப் போடு. பேரு எங்க ஓடிப்போவுது?" என்று அதட்டினீர்கள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அன்று சாயங்காலம் அந்தக் கதையைச் சொன்னீர்கள். படிக்கப் போன முதல் நாள், மலையை விட்டு அதுவரை இறங்காத நீங்கள், வழியெல்லாம் வாந்தி எடுத்து, நாற்றச் சட்டையோடு ஹாஸ்டல் வாசலில் நின்றீர்களாம். சமையல்காரர் குளிக்கத் தண்ணீர் காட்டி, ரசஞ்சோறு போட்டு, நீங்கள் கை கழுவிய பிறகுதான் பெயரைக் கேட்டாராம். "அந்தச் சோறுதான் புள்ள என்னைய அங்க உக்கார வெச்சுது. இல்லாட்டி அடுத்த பஸ்ஸுல ஊட்டுக்கே ஓடியாந்திருப்பேன்" என்றீர்கள். மேடையில் அதை ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விழா முடிந்து வெளியே வந்தேன். ஒரு பெண் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே வாத்தியாராக இருக்கிறாளாம்.

"என்னைத் தெரியலீங்களா அம்மா? சார் சட்டை மேல வாந்தி எடுத்தவ நான்தானுங்க."

ஆளைவிட அந்தச் சட்டைதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. உங்கள் புதுத் தீபாவளிச் சட்டை. எத்தனை துவைத்தும் கறை போகவில்லை. அதையே போட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினீர்கள்.

"இந்த வருசம் புள்ளைங்கள நான்தான் கூட்டிட்டு வரோணும்னு சொல்லியிருக்காங்க. வரலாங்களா?"

முடியாது என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு நாளாக மனப்பாடம் செய்த சொல். "வாங்க" என்று வந்துவிட்டது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஆனா என்னால அடுப்புல நிக்க முடியாது சாமி. அரிசி பருப்பு நான் தர்றேன். ஆக்கறது உங்க பாடு" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள். எலுமிச்சம்பழம் அவளே வாங்கி வருவாளாம்.

போன பிறகும் என் வீட்டுக்கு விருந்தாளி அனுப்புகிறீர்களே என்று பஸ்ஸில் ஏறியதும் உங்கள்மேல் ஆத்திரமாக வந்தது. மலை ஏற ஏற அழுகையும் வந்தது. நீங்கள் இல்லாமல் நொம்ப அலுப்பாக இருக்கிறதுங்க. வேறு என்ன சொல்ல.

பொன்னாடையைப் பெட்டியில் வைத்துவிட்டேன். பெரிய அண்டாவைப் பரணிலிருந்து இறக்க ஆள் சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி படுக்கப் போகும்போதுதான் உறைத்தது, அந்தப் பெண்ணின் பேரை நான் கேட்கவே இல்லை. இருக்கட்டும். வரட்டும், சாப்பிடட்டும். கேட்டுக்கொள்கிறேன்.