குடும்பத் தலைவர் கையெழுத்து

லாபிஸில் சுகமாக இருப்பவருக்கு,

இங்கே மாசாய் ஊர்த் தொழிற்சாலையில் வேலைக்காக, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அரசுப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன்.

பயிற்சி அலுவலகத்தின் மகளிர் பிரிவில், "இங்க கேக் வகுப்புதான். இந்தியர் நலப் பிரிவுக்குப் போங்க" என்றார்கள். அங்கிருந்த அதிகாரியோ, "இது ஆம்பளைங்களுக்குலா. குடும்பத் தலைவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா" என்று இளித்தான்.

மூன்று வருடமாக வீடு மறந்த உங்களிடமா கையெழுத்து? தலைவர் என்ற இடத்தில் என் கையெழுத்தையே போட்டேன்.

"இது செல்லாதும்மா."

"செல்லாதுன்னு எழுதிக் குடுங்க."

எழுதித்தர அவனுக்குத் துணிச்சலில்லை, விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டான்.

நேற்று பயிற்சியில் வண்டியை ஓட்டினேன். சரக்கை மேல் தட்டில் சரியாக வைத்ததும், கேலி செய்துகொண்டிருந்த, என்னோடு பயிலும் பதினோரு ஆண்களும் விலகி வண்டிக்கு வழிவிட்டார்கள்.

திரும்பி வரப்போவதாகச் சொல்லியனுப்பினீர்களாமே. வராதீர்கள். பூட்டை மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா