வீடு சேர்ந்துவிட்டான் என்று நினைத்தார்கள்

அன்பு ராபினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நாய்கூடச் சுகம், ஸ்வீடன் குளிரில் உன் சுகத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே கொடைக்கானலில் பனிமூட்டம், துணி எதுவும் காயவில்லை, அப்பா உன் பழைய ஸ்வெட்டரில் திரிகிறார். அதையெல்லாம் விடு. நேற்று நான் மேடையில் பேசினேன். அருள்மணி டீச்சர் சர்ச் ஹாலில் வாசிப்புக் கூட்டம் நடத்துகிறாரே, இந்தத் தடவை இரண்டு சிறுகதைகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பேசு என்றுவிட்டார். "உன் எம்.ஏ.வுக்கு இப்பத்தான் ஒரு சோலி வந்திருக்கு ஜென்சி" என்று அப்பா கேலி செய்தார். வெள்ளனே போய் முன்வரிசையில் உட்கார்ந்ததும் அவர்தான்.

முதல் கதை பாச்சலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில். பனியில் பாதை மறைந்தால் நடப்பவர்கள் மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள் இல்லையா, ஒருவன் குரல் நின்றால் வீடு சேர்ந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். கதையில் நாச்சிமுத்து பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடக்கிறான். கத்தினால் கேட்கும் தூரம்தான். பிள்ளைகுட்டிக்காரர்களை எதற்கு இருட்டில் இறக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொள்கிறான். மற்றவர்கள் கஞ்சி குடித்துப் படுத்துவிடுகிறார்கள். இரண்டாவது கதை வளைகுடாவில். வீட்டுவேலைக்குப் போன அன்னக்கொடி வெள்ளிக்கிழமை தவறாமல் ஊருக்குப் போன் செய்கிறாள். காய்ச்சலில் தண்ணீரே இறங்காத நாளிலும் மீன்குழம்பு வைத்தேன், இரண்டு தரம் சாப்பிட்டேன் என்கிறாள். ஊரில் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

இரண்டிலும் தனிமை, இரண்டிலும் வேதனை. அவ்வளவுதான் எழுதி வைத்திருந்தேன். பேசப் பேசத்தான் பிடிபட்டது. அவன் குரல் கொடுக்காமல் தனியானான். இவள் குரல் கொடுத்துக்கொண்டே தனியானாள். காரணம் ஒன்றுதான், நம் ஆட்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். ஹாலில் ஒரே கைதட்டல் ராபின். எனக்குக் கால் தரையில் இல்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு ஷர்மிளா எழுந்தாள். "அப்ப கேட்டுட்டுத் தூங்கப் போனவங்க மேல தப்பே இல்லையாங்க?"

உன் ஞாயிற்றுக்கிழமை போன் நினைவுக்கு வந்தது. நல்லாருக்கேம்மா, சாப்பிட்டேன், வேலை பரவாயில்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அதே வரிசை. உன் அறையில் இருந்த பிரசாந்த் வேறு ஊருக்குப் போய்விட்டதுகூட அவன் அம்மா சொல்லித்தான் தெரியும். தப்பு இருக்கிறது, இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று ஷர்மிளாவுக்குப் பதில் சொன்னேன். திரும்பி வரும்போது எதிரே ரோடு தெரியாத பனி. வளைவில் அப்பா நின்றார். "நம்ம பயல ஒரு தரம் கூப்பிட்டுக் கேளு ஜென்சி."

போனில் கேட்டால் உன் வாய் முந்திக்கொண்டு நல்லாருக்கேன் என்றுவிடும். அதனால்தான் காகிதம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு அந்த வரிசை வேண்டாம். வழி தெரியவில்லை என்றாலும் குரல் கொடு, நாங்கள் இன்னும் படுக்கப் போகவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா ஜென்சி