கலகாரிக்கு மேலே உன் அண்ணனோடு

என் உயிர் மச்சாள் சுகந்தி,

உன் அண்ணன் கிளைடரில் ஏறிவிட்டார். இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும். மின்குமிழ் மாற்ற ஏணியில் ஏறுவதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிற உன் அண்ணன் ரமணன், இயந்திரமில்லாத விமானத்தில் ஒரு பகல் முழுவதும் கலகாரிப் பாலைவனத்துக்கு மேலே இருந்தார். நான் முன்னால், அவர் பின்னால். நீ இருந்திருக்க வேண்டிய இருக்கையில்.

நமீபியாவிலிருந்து திரும்பி ஒரு கிழமைதான் ஆகிறது. இங்கே ரொறன்ரோவில் பனி கொட்டுகிறது. டோர்செட் பார்க்கில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கழுத்துப் பிடிப்போடு வந்த ஒரு அன்ரி நேற்றுச் சொன்னார்: "பிள்ளை, முதல் என்ரை கழுத்தைப் பாரும். பிறகு ஆகாயத்தைப் பாப்பம்." ஆனால் இது முழுதாகச் சேர வேண்டிய இடம் நீதானே?

அந்தப் பயணம் நம் இருவருடையது. நகருக்கு வடக்கே, சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் நம் கிளப்பில் புல்லில் படுத்துக்கொண்டு போட்ட திட்டம். இங்கே குளிர் உறையும்போது அங்கே கோடை. பாலை மணல் சூடேறி, காற்று மேலே மேலே எழும்பும். அந்தக் காற்றில் ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி, ஒரே பகலில் ஆயிரம் கிலோமீற்றர் போகலாம். இரண்டு பேர் இருக்கும் கிளைடரை வாடகைக்கு எடுத்து, மாறி மாறி ஓட்டுவோம் என்றாய். மிசிசாகாவில் உன் இன்சூரன்ஸ் கந்தோரில் அதற்கென்றே லீவு சேர்த்து வைத்திருந்தாய். பிறகு அந்த நோய் வந்தது. ஒரே குளிர்காலத்துக்குள் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நான் தனியாகவாவது போகிறேன் என்று சொன்னபோது உன் அண்ணன் கோப்பையை மேசையில் வைத்தார். நீ பறந்த காலமெல்லாம் அவர் ஒருநாள்கூடக் கிளப் பக்கம் வந்ததில்லை. "அவள் உயிரோடை விளையாடுறாள்" என்பார். நீ பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அன்றைக்கு அவர் எழுந்து போகவில்லை.

"நானும் வாறன்," என்றார். "நீர் உந்தப் பாலைவனத்திலை எங்கையாவது இறங்கினால் ஆர் கார் கொண்டு வந்து ஏத்திறது?"

அப்படித்தான் வந்தார், கார் ஓட்ட. என்னோடு பறக்க வேண்டியவர் ஹெல்கா. ஜெர்மனியிலிருந்து ஒவ்வொரு வருடமும் அங்கே வருகிற அனுபவசாலி. கிழமை முழுதும் இரண்டு பேரும் பறந்து பழகினோம். ஐந்நூறு, அறுநூறு என்று தூரம் கூடிக்கொண்டே போனது. உன் அண்ணன் நாங்கள் தங்கிய வீட்டுக்காரரின் நாயோடு நிழலில் இருந்து எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாளுக்கு முதல் நாள், வானிலை பார்ப்பவர்கள் "இதுதான் நாள்" என்றார்கள். அன்று காலையில் ஹெல்காவுக்குக் காது அடைத்துவிட்டது. அப்படிக் காதோடு உயரத்துக்குப் போகக் கூடாது. நான் ஓடுபாதை ஓரத்தில் நின்று, தனியாகப் போவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் பின்னுக்கு இருக்கலாமோ?"

திரும்பிப் பார்த்தேன். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார். "சும்மா இருக்கிற இடம்தானே. நான் ஒண்டையும் தொட மாட்டன்."

"எட்டு மணித்தியாலம் இறங்கேலாதப்பா. பயப்பிட மாட்டியளோ?"

"பயப்பிடுவன். நீர் ஓட்டும்."

கிளைடர் தந்தவர்கள் சம்மதித்தார்கள். ஹெல்காவே வந்து அவருக்குப் பாரசூட் மாட்டி, மூக்கில் ஒக்சிசன் குழாய் வைக்கக் காட்டிக்கொடுத்தார். சிறு விமானம் ஒன்று எங்களைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு மேலே போனது. உயரம் வந்ததும் கயிற்றை விட்டேன். அது விடுபடும்போது எழும் சத்தத்தில் அவர் என்னென்ன தெய்வங்களைக் கூப்பிட்டார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

"இப்ப ஏறுறமோ, இறங்கிறமோ?"

"காதைக் குடுங்கோ. இந்தக் கருவி கீச்சுக் கீச்செண்டால் ஏறுறம். ஊளையிட்டால் இறங்கிறம்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் கருவியின் கீச்சொலிதான். சுகந்தி, அந்தக் காற்றை உனக்கு எப்படிச் சொல்வேன்? இங்கே நாம் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஏறினாலே கிளப்பில் எல்லோருக்கும் சொல்லித் திரிவோம். அங்கே ஐயாயிரம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது. கீழே சிவப்பு மணல்மேடுகள் வரிவரியாக, அடிவானம் வரைக்கும். மேலே மேகங்கள் ஒரே நேர்கோட்டில். அவற்றின் கீழே, ஏறுவதற்கு வட்டமிடவே தேவையில்லை. நேராகப் பறந்துகொண்டே ஏறலாம். நான் பாடிக்கொண்டிருந்தேன் போல. பின்னாலிருந்து "சுதி சரியில்லை" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

போட்ஸ்வானா எல்லையோரமாகத் தெற்கே போனோம். பிறகு வடக்கே திரும்பினோம். மத்தியானத்துக்குப் பிறகு கணக்குப் பார்த்தேன். வடக்கே குறித்து வைத்திருந்த கடைசித் திருப்பப் புள்ளியைத் தொட்டுவிட்டு, புறப்பட்ட ஓடுபாதைக்குத் திரும்பினால் ஆயிரம் வந்துவிடும். ஆனால் அந்தத் திருப்பத்தின் மேலே வானம் கறுத்துப்போய்க் கிடந்தது. மழை திரைபோலத் தொங்கியது. உள்ளே மின்னல்.

நான் கிளைடரைச் சரித்து மேற்கே, ஓடுபாதைப் பக்கம் திருப்பினேன்.

"ஏன் திருப்பிறீர்?"

"புயல். போகேலாது."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "சுகந்தி எண்டால் போயிருப்பாள், என்ன?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இத்தனை வருடமாக அவர் உன்னை எப்படி நினைத்துக்கொண்டிருந்தார் என்று.

"இல்லையப்பா," என்றேன். "அவள் எனக்கு முதலே திருப்பியிருப்பாள்."

நம் கிளப்பிலிருந்து நீ முந்நூறு கிலோமீற்றர் பறக்கப் புறப்பட்ட அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். உனக்குப் பதக்கம் கிடைத்திருக்க வேண்டிய நாள். கடைசித் திருப்பம் கண்ணுக்கே தெரிந்தது. ஏரிப் பக்கமாக ஒரு கறுப்பு எழும்பியது, அவ்வளவுதான். நீ திரும்பி வந்து இறங்கி, கிளைடரைக் கட்டி வைத்துவிட்டு, சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இன்னும் இரண்டு நிமிடம் போயிருக்கலாமே என்று நான்தான் புலம்பினேன். "பதக்கம் அடுத்த கிழமையும் கிடைக்கும் மச்சாள்" என்றாய். அரை மணித்தியாலத்தில் ஆலங்கட்டி மழை கொட்டியது.

"எனக்கு ஒருநாளும் அவள் இதைச் சொல்லேல்லை," என்றார்.

நீ சொல்ல வந்த நேரங்களில் அவர் எங்கே இருந்தார் என்று அவருக்கே தெரியும். எனக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒக்சிசன் குழாய் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பினால் எல்லாம் சரி என்று நினைத்தாயா? புயலின் மேல்விளிம்பு விரிந்து வந்து வெயிலை மறைத்துவிட்டது. வெயில் இல்லாவிட்டால் மணல் ஆறும். மணல் ஆறினால் காற்று எழும்பாது. கருவி ஊளையிடத் தொடங்கியது. ஐயாயிரம் மூவாயிரமானது. பிறகு இன்னும் கீழே. மணல்மேட்டில் வளர்ந்த முள்மரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. பண்ணை ஒன்றின் மண் ஓடுபாதையைத் தெரிவு செய்து, றேடியோவில் ஹெல்காவிடம் இடத்தைச் சொன்னேன். சக்கரத்தைக் கீழே விடக் கையை நீட்டினேன்.

"பவானி, இடப்பக்கம் பாரும். கீழை. கழுகுகள்."

"என்ன செய்யுதுகள்?"

"சுத்துதுகள். சிறகடிக்காமல் சுத்துதுகள். ஒண்டு மேலை வருது."

எட்டு மணித்தியாலம் சும்மாதான் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மனிதர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் இடப்பக்கம் சரிந்து கழுகுகளுக்கு நடுவே போனேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இருக்கை முதுகில் ஒரு தள்ளு. கருவி ஊளையை நிறுத்தி, தயங்கி, கீச்சிட்டது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கழுகு எங்களைத் திரும்பிப் பார்த்தது. உன் அண்ணன் சிரிக்கத் தொடங்கினார், சுகந்தி. சின்னப் பிள்ளைபோல, நிறுத்த முடியாமல்.

ஒவ்வொரு சுற்றிலும் ஏறினோம். ஓடுபாதைக்குச் சறுக்கப் போதுமான உயரம் வந்ததும், மேற்கே மூக்கைத் திருப்பினேன். மாலைக் காற்று பாலாடைபோல் இருந்தது. ஒரு குலுக்கல் இல்லை. "இப்ப நீங்கள் பிடியுங்கோ," என்றேன். "நான் ஒண்டையும் தொட மாட்டன் எண்டு சொன்னனான்," என்றார். பிறகு பிடித்தார். முதலில் ஓட்டும் தண்டை நெரித்தார். மெல்ல மெல்ல அவர் கை இளகுவதை, அதோடு சேர்ந்து அசையும் என் தண்டில் உணர்ந்தேன்.

"அவள் இதைத்தான் எனக்குக் காட்டப் பாத்தவள், என்ன?" என்றார். நீ என்ன சொல்லியிருப்பாய்?

சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரத்தில் இறங்கினோம். தொள்ளாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆயிரம் இல்லை. ஹெல்கா காதில் பஞ்சோடு ஓடி வந்து கண்ணாடி மூடியைத் திறந்தார். கால் மரத்துப்போய் நிற்க முடியாத உன் அண்ணன் அவர் தோளைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "நாளைக்கும் போவமோ?"

வசந்தத்தில் நம் கிளப்பில் பாடம் தொடங்கப் பெயர் கொடுத்திருக்கிறார்.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் உன் அண்ணன் பறந்தது இன்னும் தெரியாது. ஒஷாவாவிலிருந்து தினமும் போன் எடுத்து, "சிங்கம் பாத்தனீங்களோ?" என்று கேட்கிறா. வருகிற போகிறவர்களிடம் இன்னும், "என்ரை பிள்ளைக்குப் பயமெண்டதே இல்லை. அவளை நினைச்சு நான் நித்திரை கொண்டதில்லை," என்கிறா. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாய்ப் போகிறோம். நீ வானம் கறுத்தால் திரும்பி வருகிற பிள்ளை என்று, தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமாம் உன் அண்ணனுக்கு. பாதியில் அவர் என் பக்கம் திரும்புவார், எனக்குத் தெரியும். மிச்சத்தை நான் சொல்லி முடிப்பேன். அம்மா நித்திரை கொள்ளும் வரைக்கும் பக்கத்திலேயே இருப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் மச்சாள்,
பவானி