தலைமாட்டுக் கயிறு

மார்ச் 3

இன்றும் தீவுக்குக் கப்பல் வரவில்லை. கடை அலமாரியில் பூனைத் தீனியும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளும்தான் மிச்சம். ஓட்ஸ் அப்பம் சுட்டேன். அண்ணன் பாதி தின்றான், மீதியை மேசைக்கடியில் நாய்க்குக் கொடுத்தான். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. இந்த வீட்டில் நாய் ஒன்றுதான் சதை போடுகிறது.

வாரன் நாள் முழுக்கக் கூரைமேல். நியூசிலாந்திலிருந்து முன்னோரைத் தேடி வந்து எங்கள் வீட்டிலேயே தங்கியிருப்பவன், வந்த மூன்றாம் வாரமே எங்கள் ஒழுகலை அடைக்கிறான். ஊரில் அவனுக்கு வீடு கட்டுவதுதான் தொழில், சும்மா உட்காரத் தெரியாது. கீழே கட்டிலில் கிடந்தபடி அண்ணன் கத்தினான்: "டேய், அந்தக் கல்லெல்லாம் உன் கொள்ளுத்தாத்தனோட அப்பன் போட்டதுடா! பாத்து எடு!"

"அதான் ஒழுகுது, பெருசு!" என்று மேலிருந்து பதில்.

அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய வெகுநேரமாயிற்று. ஆனாலும் சிரித்தான். போன கோடைக்குப் பிறகு இன்றுதான்.

மார்ச் 6

நர்ஸ் வந்து போனாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே வாரக் கணக்குதான் எஃபி," என்றாள். எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் உள்ளே வந்து அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கிவிட்டேன். மூன்று பேருக்கு வேண்டியதைப் போல் மூன்று மடங்கு உரித்திருக்கிறேன்.

சாயங்காலம் மூப்பர் ஆர்ச்சி இரண்டு மீனோடு வந்தார். சபைக்கு மூப்பர், எங்களுக்குப் பக்கத்து வீடு. அண்ணன் தானாகவே கயிற்றுப் பேச்சை எடுத்தான். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் எட்டுக் கயிறுகள், எந்தக் கயிறு யாருக்கு என்று. கால்பந்துக்கு ஆள் பிரிப்பதுபோல் இருவரும் பேசினார்கள். "தபால்கார வில்லிய வேண்டாம். அவன் தோள்பட்டை சரியில்ல, என்னைக் கோணலா எறக்கிருவான்."

ஒன்றாம் கயிறுதான் தலைமாட்டுக் கயிறு. அது ரத்த உறவில் நெருங்கிய ஆணுக்கு. அப்பாவுக்கு அண்ணன் பிடித்தான். அண்ணனுக்கு யார்? அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. "என் தலைமாட்டுல எவனோ ஊரான் நிக்கப்போறான்," என்று எத்தனை வருடமாகப் புலம்பியிருக்கிறான்!

இன்று புலம்பவில்லை. "ஒண்ணு வாரனுக்கு. எழுதிக்க ஆர்ச்சி. நம்ம ரத்தம்," என்றான்.

எனக்கென்று எதுவும் இல்லை. இங்கே பெண்கள் கயிறு பிடிப்பதில்லை, குழியருகே போவதுமில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்றேன். ஆண்களின் முதுகுதான் தெரிந்தது.

மார்ச் 8

ஞாயிறு. ஆராதனைக்கு வாரன் அண்ணனின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். சங்கீதம் பாடும்போது அழுதான். அவனுக்கு இங்கிலீஷ்தான், எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது, ஆனாலும் அழுதான்.

பிறகு ஒரு கல்லைக் காட்டினான். எங்கள் பழைய தொழுவத்துச் சுவரில் தளர்ந்து கிடந்தது, கேட்டு எடுத்துக்கொண்டான். அவன் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, விமானம் ஏற முடியாது. "ஜன்னல்ல வச்சுக்குவாங்க எஃபி அக்கா. சாகறதுக்குள்ள எங்க வம்சத்துக் கல்லத் தொட்டுப் பாக்கணும்னு சொன்னாங்க."

எனக்கும் கண் கலங்கியது. தாத்தாவின் அண்ணன் ஆங்கஸ் மக்ஸ்வீன் கப்பலேறிப் போனவன்தான், ஒரு சேதி வந்ததில்லை. கடலோடு போய்விட்டான் என்றே நம்பி அப்பா செத்தார். அந்த ஆங்கஸின் கொள்ளுப்பேரன் என் அடுப்படியில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைக்கிறான். ஆங்கஸ், அப்பன் பேர் நார்மன், இந்தத் தீவு. வந்த அன்றே அவன் சொன்ன எல்லாம் பொருந்தியது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

மார்ச் 11

எழுதாமல் இருந்தால் நல்லது. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ராச்சாப்பாட்டுக்கு உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனும் கிழங்கும். அண்ணனைத் தூக்கி மேசையருகே உட்கார வைத்திருந்தோம். வாரன் பேசிக்கொண்டே இருந்தான். கொள்ளுத்தாத்தா அடிக்கடி சொல்வாராம்: சின்ன வயதில் படுக்கையில் கிடந்து கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுவரில் ஓடிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'அது திரும்பி வர்றதுக்குள்ள தூங்கிரு' என்பாளாம் அவருடைய அம்மா.

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் வராது. ஒருநாளும் வந்ததில்லை. நடுவில் மலை நிற்கிறது. வடக்கு முனையில் இருந்த வீடுகளுக்குத்தான் அந்த வெளிச்சம்.

அண்ணனைப் பார்த்தேன். "உப்ப இப்பிடித் தள்ளு," என்றான். அவ்வளவுதான். நல்லவேளை, காது மந்தம். வலி மருந்தின் மயக்கம் வேறு.

மார்ச் 12

முட்டை வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வடக்கு முனைக்கு நடந்தேன். கூரையில்லாத நாலு சுவர், உள்ளே காஞ்சொறி, ஒரு ஆடு. கடைசி வீடு. இங்கேயும் ஒரு நார்மன் மக்ஸ்வீன் இருந்தான் என்று அப்பா சொன்னது ஞாபகம் வருகிறது. குடும்பமே போய்விட்டது, அதனால் யாரும் பேசுவதில்லை. இந்தத் தீவில் பாதிப்பேர் மக்ஸ்வீன், அதில் பாதிப்பேர் நார்மன், மீதி ஆங்கஸ்! பேர் பொருந்தியதாம்! புத்தி எங்கே போயிருந்தது எனக்கு?

வாசல் இருந்த இடத்தில் நின்றேன். எதிரே கலங்கரை விளக்கு, கை நீட்டினால் தொடலாம்போல.

அப்படியென்றால் எங்கள் ஆங்கஸ்? மறுபடியும் கடலோடு போய்விட்டான். இத்தனை வாரம் கிடைத்திருந்தான்.

மார்ச் 13

சொல்லவில்லை.

மார்ச் 16

சொன்னால் அண்ணன் தலைமாட்டில் ஊரான் நிற்பான், அது தெரிந்தே சாவான். சொல்லாவிட்டால் ஒரு கிழவி உலகத்தின் மறுகோடியில் அடுத்தவன் தொழுவத்துக் கல்லைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரை ஏமாற்றுவது? ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்து தொலைச்சிட்டாங்களே, நான் என்ன செய்வேன்!

அண்ணன் கண்ணை மூடட்டும். பிறகு வாரனிடம் சொல்லிக்கொள்ளலாம்.

'அண்ணன் கண்ணை மூடட்டும்.' இதை என் கையா எழுதியது?

மார்ச் 24

வெயில். அண்ணனைக் கம்பளியில் சுற்றி வாரன் காரில் கூட்டிக்கொண்டு போனான். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள்.

"எங்க போனீங்க?"

"சும்மா. கடல் பாக்க," என்றான் அண்ணன்.

"ஏன், இங்கேர்ந்து தெரியற கடலுக்கு என்ன கேடு?"

"பாத்துப் பாத்துத் தேஞ்சுபோச்சு," என்றான். வாரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏதோ சண்டையோ என்று பயந்தேன். ஆனால் படுக்க வைக்கும்போது அண்ணனின் காலை அவன் துடைத்துவிட்ட விதம் சண்டைக்காரன் செய்கிற மாதிரி இல்லை.

ஏப்ரல் 2

விடிகிற நேரம். என் கை அண்ணன் கைக்குள் இருந்தது. இனி என்னை 'அடியே' என்று கூப்பிட யாரும் இல்லை.

ஏப்ரல் 4

வீடு நிறைய ஆட்கள், சாண்ட்விச், டீ. கூடத்தில் பெட்டி. கயிறு பிடிப்பவர்களுக்குக் கொடுக்கும் எண் அட்டைகளில் ஒன்றாம் எண்ணை ஆர்ச்சி வாரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. அவனைத் தொழுவத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வெளிச்சம், மலை, வடக்கு முனை வீடு. "நீ எங்க ஆளு இல்ல வாரன். தெரிஞ்சும் மூணு வாரமா மூடி வச்சிருந்தேன். அவனுக்காக."

அவன் கையிலிருந்த அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு சொன்னான், "எனக்குத் தெரியும் அக்கா. அன்னிக்குக் கார்ல அங்கதான் போனோம். வாசல்ல நிறுத்தச் சொல்லி, 'இதுதான்டா உன் வீடு'ன்னாரு. 'எஃபிகிட்ட மட்டும் சொல்லிடாதே, ஒரு சொந்தம் கெடச்சிருச்சுன்னு சந்தோஷமா இருக்கா. நான் போறவரைக்கும் அப்படியே இருக்கட்டும்'னாரு."

உப்புப் போட்ட மீனுக்கு எவனாவது உப்புக் கேட்பானா? அந்த நிமிஷமே அண்ணனுக்குப் புரிந்திருக்கிறது. வெளிச்சம் வராத இந்த வீட்டில் பிறந்தவன் அல்லவா அவனும்! ஒரே கூரைக்குக் கீழே ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு மூன்று வாரம் இருந்திருக்கிறோம். ஒரு தடவை சேர்ந்து அழுதிருக்கலாம். அதையும் விட்டுவிட்டோம். பாவி, பாவி.

"அப்ப அந்த அட்டை? எப்படி வாங்கின?" என்று கேட்டேன்.

"அவர் வாங்கச் சொன்னாரு," என்றான். உள்ளே போய்விட்டான்.

ஏப்ரல் 6

காற்று. ஊரே மாறி மாறித் தோள் கொடுத்துத் தூக்கிப் போனது. பெண்கள் சுவரோரம் நின்றுவிட்டோம். ஆர்ச்சி எண்களைச் சொல்வது கேட்டது. "ஒண்ணு, வாரன்."

கயிற்றை எடுக்க அவன் குனியவில்லை. ஆண்களை விலக்கிக்கொண்டு திரும்பி நடந்து, கதவைத் தாண்டி என் எதிரே வந்து நின்றான். அட்டையை என் கையில் வைத்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினான்: "எஃபி அக்கா, இது அண்ணன் சொன்னது. 'மொதல்லயே அவ பேரச் சொன்னா ஆர்ச்சி சபையைக் கூட்டிருவான். அட்டைய நீ வாங்கு, குழிக்கிட்ட போனதும் அவ கையில குடு. நம்ம ரத்தம்னு இந்தத் தீவுல மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான்.'"

ஆர்ச்சியின் முகம் சிவந்தது. கையிலிருந்த தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

"வா எஃபி," என்றார் கடைசியில். "கயித்தக் கையில ரெண்டு சுத்து சுத்திக்க. வழுக்கும்."

போனேன். சுற்றிக்கொண்டேன். அண்ணன் இவ்வளவு கனப்பான் என்று நினைக்கவில்லை, ஒன்றுமே சாப்பிடாதவன். மண்ணில் பெட்டி தொட்டதும் கயிறு தளர்ந்தது. எல்லாரும் கயிற்றை உள்ளே போட்டார்கள். நான்தான் கடைசி.

ஏப்ரல் 19

கப்பல் நேற்று நேரத்துக்கு வந்தது. வாரன் போய்விட்டான். போகும் முன் தொழுவத்துக் கல்லை அது இருந்த இடத்திலேயே வைத்துச் சாந்து பூசினான். வடக்கு முனையிலிருந்து ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். சின்னதுதான், பாசியோடு.

மதியத்துக்கு ஹெர்ரிங். கிழங்கு சரியாக ஒரு ஆளுக்கு உரித்தேன். உப்பு எனக்குத் தேவையில்லை, எதிர்ப்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.